மூன்று லேப், மூன்று எண்: என் வைட்டமின் டி உண்மையில் எவ்வளவு?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து 62 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பிப்ரவரியில் சமையலறை ஈரத்தரையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்ட பிறகு, மார்ச்சில் குடும்ப டாக்டர் வைட்டமின் டி பார்க்கச் சொன்னார். முடிவு 17. வாரம் ஒன்றாக 50,000 அலகு கால்சிஃபெரால் மாத்திரை, எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குள் மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மாறியதால், ஜூன் முதல் வாரத்தில் வேறொரு லேபில் பார்த்தார். முடிவு 44. கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாராம். அன்று சாயங்காலமே ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மருமகள் போனில் வந்த படத்தைப் பார்த்து, "அத்தை, இது வேற யூனிட். ரெண்டரையால வகுத்தா 17.6 தான் வருது" என்று சொல்லியிருக்கிறார். எட்டு வாரம் மாத்திரை போட்டும் ஒன்றும் ஏறவில்லையா என்று பயந்து, பத்தே நாளில் கைக்காசு போட்டு மூன்றாவது லேபுக்குப் போனார். அங்கே 36.

வீட்டுக்காரர் சொல்கிறாராம், கடைசி இரண்டையும் கூட்டி வகுத்தால் 27, அதை வைத்துக்கொள் என்று. அக்கம்பக்கத்தில் ஒருவர், வைட்டமின்தானே, இரட்டிப்பாகப் போட்டால் என்ன என்று சொல்கிறார். வாசகியின் கேள்வி நேரானது: "இந்த மூணு லேப்ல யாரு, டாக்டர், என்னை ஏமாத்துறது? யார் மேல புகார் குடுக்கணும்?" கடிதத்தின் கடைசி வரியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

அம்மா, உங்களை யாரும் ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று ரிப்போர்ட்டின் படங்களையும் வரி வரியாகப் பார்த்தேன். மூன்று எண்ணும் ஒத்துப்போகாததற்குக் காரணங்கள் அந்தப் படங்களிலும் உங்கள் கடிதத்திலுமே இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் ஒன்று வைட்டமின் டி-யைத் தாண்டியும் உங்களைப் பாதிக்கக்கூடியது.

பவுனும் கிராமும்

யூனிட் விஷயத்தில் உங்கள் மருமகள் சொன்னது சரி. நகைக்கடையில் ஒருவர் இரண்டு பவுன் என்கிறார், அடுத்தவர் பதினாறு கிராம் என்கிறார். நகை ஒன்றுதான். அதுபோல வைட்டமின் டி-யைச் சில லேப்கள் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்றும், சில லேப்கள் லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்றும் எழுதுகின்றன. நானோகிராம் எண்ணை ஏறக்குறைய 2.5-ஆல் பெருக்கினால் நானோமோல் வரும். 12 என்பது 30 ஆகும், 20 என்பது 50, 30 என்பது 75. ரிப்போர்ட்டை எடுத்ததும் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக அச்சடித்திருக்கும் யூனிட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டாக்டர்களே அவசரத்தில் தவறவிடும் இடம் இது. உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆக, ஒரே யூனிட்டில் எழுதினால் உங்கள் மூன்று எண்கள் 17, 17.6, 36. முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. கடைசி இரண்டுக்கும் இடையில் பத்து நாள்தான், ஆனால் இரண்டு மடங்கு வித்தியாசம். இது யூனிட்டால் வந்ததில்லை.

நீங்கள் போட்ட மாத்திரை எந்த டி?

வைட்டமின் டி-யில் இரண்டு வகை உண்டு. வெயில் பட்டு நம் தோலில் உண்டாவதும், மீன், முட்டை மஞ்சள் கருவில் இருப்பதும் டி3. காளானிலும் ஈஸ்ட்டிலும் இருந்து எடுப்பது டி2. நம் நாட்டில் 50,000 அலகு கால்சிஃபெரால் மாத்திரை என்று பல காலமாக டாக்டர்கள் எழுதித் தருவது டி2. டப்பாவைப் பாருங்கள்: எர்கோகால்சிஃபெரால் என்றோ வெறும் கால்சிஃபெரால் என்றோ இருந்தால் டி2, கோலிகால்சிஃபெரால் என்றிருந்தால் டி3. நீங்கள் சைவம் என்பதால் டி2 உங்களுக்கு மனதுக்கும் ஒத்துவரும். டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து செய்யப்படுகிறது. பாசிப்பூஞ்சையிலிருந்து எடுத்த டி3-யும் கடைகளில் உண்டு.

லேப் அளப்பது மாத்திரையில் இருக்கும் வைட்டமினை இல்லை. கல்லீரல் அதை மாற்றி இரத்தத்தில் விடும் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்ற பொருளை. அது இரத்தத்தில் தனியாகச் சுற்றுவதில்லை. புளி கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருப்பதுபோல, ஒரு புரதத்தோடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். புளியை ஊறவைத்து நிதானமாகப் பிசைந்தால் கொட்டை சுத்தமாக வரும். அவசரத்தில் கரைத்தால் பாதிப் புளி கொட்டையிலேயே நிற்கும். பெரிய லேப்களில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான குழாய்களை ஓட்டும் தானியங்கிக் கருவிகளுக்கு இந்தப் பிசையும் வேலைக்குச் சில நிமிடம்தான் கிடைக்கிறது. பிரித்தெடுத்த பிறகு, ஆன்டிபாடியை வைத்தோ, அதுபோல் ஒட்டும் புரதத்தை வைத்தோ பிடித்து எண்ணுகின்றன. இந்த முறைக்கு இம்யூனோஅஸ்ஸே என்று பெயர்.

இங்கேதான் சிக்கல். சில கருவிகள் டி3-யை நன்றாகப் பிடிக்கும், டி2-வை முழுதாகப் பிடிக்காது. ரிப்போர்ட்டில் 'மொத்த வைட்டமின் டி' என்றுதான் அச்சாகும், ஆனால் டி2-வில் ஒரு பகுதி கணக்கில் வராமலே போயிருக்கும். உங்கள் இரண்டாவது ரிப்போர்ட்டின் அடியில் 'கெமிலூமினசன்ஸ் இம்யூனோஅஸ்ஸே' என்று இருக்கிறது. அந்தக் கருவி டி2-வை எவ்வளவு எண்ணுகிறது என்பது அந்த லேபைக் கேட்டால் தெரியும். குறைவாக எண்ணும் கருவி என்றால், எட்டு வாரம் நீங்கள் போட்ட மாத்திரை உடம்பில் சேர்ந்திருந்தும் 17.6 என்று வந்திருக்கலாம். அதாவது, மாத்திரை வேலை செய்யவில்லை என்று அந்த எண்ணை வைத்து முடிவுகட்ட முடியாது.

இன்னொரு முறை இருக்கிறது. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்பார்கள். அது ஆன்டிபாடியை நம்புவதில்லை, மூலக்கூறையே எடைபோட்டுப் பார்க்கிறது. டி2-வின் வடிவம் டி3-யை விட 12 அலகு எடை அதிகம் என்பதால், இரண்டையும் தனித்தனியாக எண்ணிக் கூட்டிக் கொடுக்கும். டி2 மாத்திரை போடுகிறவர்களுக்கு நான் கேட்பது இந்த முறைதான். கவனமில்லாமல் நடத்தினால் இதிலும் பிழை வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைகளின் இரத்தத்தில், இதே எடையுள்ள இன்னொரு வடிவம் கலந்திருக்கும். அதைப் பிரிக்கத் தெரியாத லேப் எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் ரூய்போஸ் டீயோடு மாத்திரை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. இனி எந்த வைட்டமின் டி மாத்திரையையும் மதியச் சாப்பாட்டோடு, பருப்பில் ஒரு கரண்டி நெய் விட்டுச் சாப்பிடும் நேரத்தில் போடுங்கள்.

படத்தின் ஓரத்தில் இருந்த டப்பா

மூன்றாவது ரிப்போர்ட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை டப்பா பாதி தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். பயோட்டின், 10,000 மைக்ரோகிராம். முடிக்கும் நகத்துக்கும் என்று எழுதியிருக்கிறது. கடிதத்தில் இதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இது மருந்து, இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களும் இப்படித்தான்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான பயோட்டின் 30 மைக்ரோகிராம். உங்கள் மாத்திரையில் அதைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. உடம்புக்கு அதனால் பெரிய கேடு இல்லை, சிறுநீரில் போய்விடும். ஆனால் போகும்வரை இரத்தத்தில் இருக்கும். சில கருவிகளில் சோதனைப் பொருளைப் பிடித்து நிறுத்தும் கொக்கியே பயோட்டினை வைத்து வேலை செய்கிறது. உங்கள் இரத்தம் முழுக்கப் பயோட்டின் இருந்தால் கொக்கிகளையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். இந்தக் கருவிகள் வெளிச்சத்தை அளந்துதான் எண்ணுகின்றன, அந்த வெளிச்சம் குறையும். வைட்டமின் டி சோதனையில் வெளிச்சம் குறைந்தால் வைட்டமின் அதிகம் என்று அர்த்தம். அதனால் எண் பொய்யாக உயரும். மூன்றாவது ரிப்போர்ட்டில் 'எலக்ட்ரோகெமிலூமினசன்ஸ்' என்று இருக்கிறது. பயோட்டின் கொக்கியைப் பயன்படுத்தும் முறை அது. புதிய ரீஏஜன்டுகளில், அதாவது சோதனை ரசாயனங்களில், இந்தக் குறையை வெகுவாகச் சரிசெய்திருக்கிறார்கள். அந்த லேபில் இருப்பது பழையதா புதியதா என்று கேளுங்கள். மாத்திரையை எந்த மாதம் தொடங்கினீர்கள், இரத்தம் கொடுத்த அன்று காலையில் போட்டீர்களா என்பதும் தெரிய வேண்டும்.

நான் முதலில் சொன்னேனே, வைட்டமின் டி-யைத் தாண்டிப் போகும் விஷயம் என்று, அது இதுதான். இதே பயோட்டின் தைராய்டு சோதனையைக் குழப்பி, இல்லாத தைராய்டு நோயை இருப்பதாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 நவம்பரில் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. அப்படிப் பொய்யாகக் குறைந்த ட்ரோபோனின் முடிவோடு ஒருவர் இறந்த செய்தியும் அந்த எச்சரிக்கையில் இருந்தது. அதனால் அம்மா, நெஞ்சுவலி என்று என்றாவது காஷுவல்டிக்குப் போக நேர்ந்தால், பிரஷர் மாத்திரையைச் சொல்வதற்கு முன்னால் முடி மாத்திரையைச் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

கூட்டி வகுக்கலாமா?

கூடாது. ஒரு தராசு குறைத்துக் காட்டுகிறது, இன்னொன்று கூட்டிக் காட்டுகிறது என்ற சந்தேகம் இருக்கும்போது, இரண்டின் சராசரி சரியான எடையாகிவிடாது. உண்மை 17.6-க்கும் 36-க்கும் நடுவில் எங்கோ இருக்கும் என்று நான் நினைக்கிறேன். எங்கே என்பது புதிதாகச் சோதித்தால்தான் தெரியும். மார்ச்சில் வந்த 17-ஐ மட்டும் நான் நம்புகிறேன். அப்போது நீங்கள் டி2 போட ஆரம்பிக்கவில்லை. பயோட்டினும் அப்போது இல்லை என்றால், அந்த எண்ணைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை.

நம்புகிறேன் என்றால், அச்சாக 17 என்று இல்லை. எந்தக் குழப்பமும் இல்லாத நல்ல லேபிலும் இந்தச் சோதனைக்கு ஓர் அலைவு உண்டு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. நடத்தும் தரச்சான்றுத் திட்டமே, சராசரி விலகல் 5 சதவீதத்துக்குள்ளும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுபாடு 10 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் போதும் என்று ஏற்கிறது. 10 சதவீத மாறுபாடு என்றால், உண்மையில் 20 இருக்கும் ஒருவருக்கு ஒரு நாள் 16 வரலாம், இன்னொரு நாள் 24 வரலாம். லேபில் யாரும் தவறு செய்திருக்க மாட்டார்கள். முன்பெல்லாம் இந்த அலைவு இன்னும் மோசமாக இருந்தது. அதனால்தான் 1989-லேயே லண்டனில் டெக்வாஸ் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ஒரே சீரத்தைப் பல நாட்டு லேப்களுக்கு அனுப்பி, யார் என்ன எண் சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் வேலை. 2009-ல் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உறுதியான அளவுச் சீரம் அமெரிக்காவின் அளவைக் கழகத்திலிருந்து வந்தது. 2010-ல் உலக அளவில் சோதனைகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. இவற்றால் நிலைமை நிறைய மேம்பட்டிருக்கிறது. அதற்கு முன், 2008-09-ல் அமெரிக்காவின் மிகப் பெரிய லேப்களில் ஒன்றே, தான் கொடுத்த ஆயிரக்கணக்கான வைட்டமின் டி முடிவுகள் சரியில்லாமல் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, மறுபடி இலவசமாகச் சோதித்துத் தர முன்வந்தது. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. லேபிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அவசரமாகப் பார்த்ததும் ஒரு காரணம். இந்தப் பொருள் இரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். மாத்திரை அளவை மாற்றினால் எண் ஒரு நிலைக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். பத்து நாளில் மறுபடி பார்த்துப் பயனில்லை. வெறும் வயிற்றோடு போகாததால் தப்பாகியிருக்குமோ, இரத்தக் குழாய் கவுண்ட்டரில் இரண்டு மணி நேரம் கிடந்ததே என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் காரணமில்லை. இதற்குப் பட்டினி வேண்டாம், இரத்தத்தில் இது எளிதில் கெட்டும் போகாது.

20 போதுமா, 30 வேண்டுமா?

ஒரு ரிப்போர்ட்டில் 20-க்கு மேல் போதும் என்றும், இன்னொன்றில் 30-க்கு மேல் இருக்க வேண்டும் என்றும் அச்சடித்திருக்கிறது. 2011-ல் அமெரிக்காவில் இரண்டு நிபுணர் குழுக்கள் இரண்டு விதமாகச் சொன்னதன் எச்சம் இது. எலும்புக்கு 20 நானோகிராம் ஏறக்குறைய எல்லாருக்கும் போதும் என்றது ஒன்று. 30 வேண்டும் என்றது நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கம். அதே சங்கம் 2024-ல் புதிய வழிகாட்டி வெளியிட்டபோது அந்த 30 என்ற கோட்டைக் கைவிட்டுவிட்டது. ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தச் சோதனை தேவையில்லை என்றும் சொன்னது. என் பார்வையில் 20-க்கு மேல் நிலையாக இருந்தால் உங்கள் எலும்புக்கு அது நல்ல நிலை. 12-க்குக் கீழே என்றால்தான் நான் பதறுவேன்.

டர்பனில் இவ்வளவு வெயில் இருந்தும் ஏன் குறைகிறது என்று கேட்கிறீர்கள். நம் மாநிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். நாமோ வீடு, கார், மால் என்று நிழலிலேயே இருக்கிறோம். ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த ஓர் ஆய்வில், ஒரே ஊரில் வாழும் கறுப்பின மக்களை விட இந்திய வம்சாவளியினரிடம் குறைபாடு தெளிவாக அதிகம் இருந்தது. டின் மீன் குழம்பு வைக்கும் வீடுகளில் அதிலிருந்து கொஞ்சம் கிடைக்கும். சைவமாக இருக்கும் உங்களுக்கு அந்த வழியும் இல்லை.

இரட்டிப்பாகப் போடுவது

இதை மட்டும் செய்யாதீர்கள். வைட்டமின்தானே என்பது தவறான நினைப்பு. வைட்டமின் சி கூடினால் சிறுநீரில் போய்விடும், டி போகாது. கொழுப்பில் தங்கும். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், புத்தித் தடுமாற்றம், சிறுநீரகக் கல் என்று வரும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டியை அவர் பேரன் என்னிடம் அழைத்துவந்தான். இரண்டு வாரமாக ஆளைச் சரியாக அடையாளம் தெரியவில்லை, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறார் என்றான். வயதாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து வைத்தான். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறை. ஏழிலும் வாரத்துக்கு ஒன்று போட வேண்டிய அதே மாத்திரை. நல்ல மனதோடு யாரோ நிரப்பிக் கொடுத்தது. கால்சியத்தைக் குறைத்து அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல நாள் பிடித்தது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், லேபின் ஒரு எண்ணைப் பார்த்து நீங்களாக மாத்திரையை ஏற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது

முதலில் உங்கள் குடும்ப டாக்டரைப் பாருங்கள். எட்டு வாரம் முடிந்துவிட்டதால், அடுத்த சோதனை வரை நாளுக்கு 800 முதல் 2,000 அலகு வரை ஏதாவதொரு அளவில் தொடரச் சொல்வது வழக்கம். அளவை அவர் முடிவுசெய்யட்டும். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் நாளுக்கு 4,000 அலகைத் தாண்டக் கூடாது.

இரண்டாவதும் மூன்றாவதுமான லேப்களுக்குப் போன் செய்து, ரிசப்ஷனில் நிற்காமல், ரிப்போர்ட்டில் கையெழுத்திட்ட பெத்தாலஜிஸ்ட்டிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். கேட்க வேண்டியவை நான்கு. எந்த முறையில் அளந்தீர்கள்? அந்த முறை டி2-வை எவ்வளவு எண்ணும்? பயோட்டின் எந்த அளவுக்கு மேல் போனால் முடிவு கெடும்? உங்கள் சோதனையின் அலைவு எத்தனை சதவீதம்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். ஐ.எஸ்.ஓ. 15189 தரச்சான்று பெற்ற லேப் அந்தக் கணக்கை வைத்திருக்க வேண்டும், கேட்டால் தர வேண்டும். நம் நாட்டில் அந்தச் சான்றை வழங்குவது சனாஸ் என்ற அமைப்பு.

அடுத்த சோதனையை மூன்று மாதம் கழித்து வையுங்கள். இப்போதைக்கு ஒரு லேபைத் தேர்ந்தெடுங்கள், இனி எப்போதும் அங்கேதான். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் டி2, டி3 தனித்தனியாகத் தரும் இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், மாத்திரையை டி3-க்கு மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். பயோட்டினைக் குறைந்தது மூன்று நாளுக்கு முன்பே நிறுத்திவிட்டு இரத்தம் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இன்னும் அதிக நாள் வேண்டியிருக்கும். உங்கள் முடி உதிர்வுக்கு இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்தார்களா என்று தெரியவில்லை. பயோட்டின் குறைபாடு அபூர்வம், அந்த மாத்திரையை முழுதாக விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம். நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் லேப் எண்கள். மணிக்கட்டு முறிந்தது ஒரே வரி. 62 வயதில், நின்ற இடத்தில் விழுந்து எலும்பு முறிந்தால், எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்கு எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. மூன்றாவது லேபுக்குப் போன காசு அதற்குப் போயிருக்கலாமே என்று எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. கூடவே இரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், அல்கலைன் பாஸ்பட்டேஸ், பாராதைராய்டு ஹார்மோன், சிறுநீரகச் செயல்பாடு பார்க்கச் சொல்லுங்கள். வைட்டமின் டி உண்மையிலேயே உடம்புக்குப் போதவில்லை என்றால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறியிருக்கும். எண்கள் சண்டை போடும்போது உடம்பின் சாட்சி அது. ஆனால் பயோட்டின் அந்தச் சோதனையையும் சில கருவிகளில் குறைத்துக் காட்டும், அதனால் மாத்திரையை நிறுத்திய பிறகு பாருங்கள். ஸ்கேனுக்குப் பிறகு வருடம் ஒருமுறை போடும் எலும்பு ஊசி என்று பேச்சு வந்தால், அதற்கு முன் வைட்டமின் டி சரியாக இருக்கிறதென்று உறுதியாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஊசிக்குப் பின் கால்சியம் அபாயமாக இறங்கிவிடலாம். சரியான எண் உண்மையிலேயே தேவைப்படும் இடம் அதுதான்.

புகார்

நான் வக்கீல் இல்லை. டாக்டராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இரண்டு லேப் இரண்டு எண் கொடுத்தது மட்டும் புகாருக்குக் காரணம் ஆகாது. பேஸ்புக்கில் பெயர் போட்டு எழுத நினைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். வேண்டாம். பிறகு தவறு உங்கள் மாத்திரை டப்பாவில் இருந்ததென்று தெரிந்தால், அவர்கள் உங்கள்மேல் வருவார்கள். எழுத்தில் விளக்கம் கேளுங்கள். உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமை 2000-ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டப்படி உங்களுக்கு இருக்கிறது, அது தனியார் லேபுக்கும் பொருந்தும். கேட்டும் பதில் சொல்லவில்லை, அல்லது குழாய் மாறிப்போனதுபோல் உண்மையான தவறு என்று தெரிந்தால், எச்.பி.சி.எஸ்.ஏ. எனப்படும் மருத்துவத் தொழில்முறையாளர் மன்றத்தில் புகார் கொடுக்கலாம். யூனிட் மாறியதைச் சொல்லாமல் விட்டது பற்றி அந்த லேபுக்கு ஒரு கடிதம் போடுங்கள், அது நியாயம். பழைய எண்ணோடு ஒப்பிட இரண்டு யூனிட்டிலும் அச்சடிப்பது அவர்களுக்கு ஒரு வரி வேலை.

கடைசியாக நீங்கள் கேட்டது: ஆடி மாதம் கோவிலில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று எப்போதும் நீங்கள்தான் கிண்டுவீர்களாம், இந்த வருடம் செய்யலாமா என்று. முறிந்து ஐந்து மாதம் ஆகிறது. வலி இல்லாமல் மணிக்கட்டைச் சுழற்ற முடிந்தால், ஒரு துண்டைப் பிழிய முடிந்தால், தாராளமாகக் கிண்டுங்கள். கரண்டியை வலது கையில் பிடியுங்கள், அரை மணிக்கு ஒருமுறை இன்னொருவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பானையை இறக்குவது மட்டும் பையன்கள் வேலை. அடுப்பைச் சுற்றித் தண்ணீர் சிந்திய இடத்தில் ஒரு சாக்கைப் போடச் சொல்லுங்கள், வழுக்காத செருப்போடு நில்லுங்கள். காலை வெயில் முதுகில் படட்டும்.